திருகாணிமேல் சிவப்புச் சொட்டு

அத்தியாயம் 17

அந்தக் கறுப்புத் துணுக்குகள் இன்றைக்கும் விழுந்திருந்தன.

கூடத்து ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு அடியில், எள்ளைவிடக் கொஞ்சம் பெரிதாக, ஏழெட்டு. மருமகள் துடைப்பத்தால் தள்ளினாள். அவை நகராமல் தரையோடு இழுபட்டுக் கோடு போட்டன. குனிந்து விரலால் எடுத்தாள். தார் மாதிரி நகக்கண்ணில் ஒட்டிக்கொண்டது. முகர்ந்து பார்த்திருக்க வேண்டாம். மழையில் நனைந்து மூலையில் மறந்துபோன செருப்பின் வாடை.

கரப்பான் வேலை என்றுதான் ஒரு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தாள். மூலைக்கு மூலை மருந்து வைத்தாயிற்று. கரப்பான்கள் செத்தன, இது மட்டும் நிற்கவில்லை. மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகும் விரலில் பிசுபிசுப்பு இருப்பதாகவே பட்டது.

"என்னம்மா, காலையிலேயே கையைத் தேய்ச்சுத் தோலை உரிச்சுடுவ போலிருக்கே" என்றார் மாமனார்.

அவர் தரையில் உட்கார்ந்து பெட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். இடுப்பு உயரத்துக்கு இரண்டு மரப்பெட்டிகள். முதலில் ஈரத்துணி, அப்புறம் உலர்ந்த துணி, அப்புறம் உள்ளங்கை.

"கரப்பான் மாமா. உங்க பெட்டிக்கு அடியிலதான் குடித்தனம் நடத்துது."

"நடத்தட்டும். சாயங்காலத்தோட அதுவும் வீடு மாறிடும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவளால்தான் சிரிக்க முடியவில்லை.

போன சனிக்கிழமை அவர் சொன்ன சொல் இந்த வீட்டில் இன்னும் நடமாடிக்கொண்டிருந்தது. "எனக்குக் காது போச்சு. காது போனவனுக்கு அபிப்பிராயம் எதுக்கு? அடுத்த வாரம் எல்லாரையும் கூப்பிட்டுக் கடைசியா ஒரு தடவை கேட்க வைக்கிறேன். யாருக்கு வேணுமோ தூக்கிட்டுப் போகட்டும்."

எல்லாரும் என்றால் பழைய ஸ்பீக்கர் வைத்திருக்கிற நான்கைந்து பேர். பெயர்ப்பலகை, சந்தா எதுவும் கிடையாது. மாதம் ஒரு சனிக்கிழமை ஒருவர் வீட்டில் கூடுவார்கள், பாட்டுப் போடுவார்கள், சத்தத்தைப் பற்றியும் பெட்டியின் வேலைப்பாட்டைப் பற்றியும் ஆளுக்கொரு அபிப்பிராயம் சொல்வார்கள். முகத்துக்காகப் பொய் சொல்லக் கூடாது என்பது அவர்களுடைய விதி. இன்னொரு வழக்கமும் உண்டு. பெட்டியைத் திறப்பது அவர்களுக்குக் கௌரவக் குறைச்சல். பின்பலகையை மூடும்போது ஒவ்வொரு திருகாணித் தலையிலும் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைத்துவிடுவார்கள். யாராவது திருகினால் அந்தச் சொட்டு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

மாமனாருக்கு அந்தச் சனிக்கிழமைகள்தான் உயிர். முப்பத்தெட்டு வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவர். மனைவி போன பிறகு வாய்விட்டுப் பேசுவது அந்த நண்பர்களிடம் மட்டும்தான்.

ஒரு மாதம் முன்பு ஒருநாள் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று நிமிர்ந்தார். "அந்தப் பொண்ணு பாட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு மூச்சு இழுப்பா. அது கேட்கலையே" என்றார். மகன் உடனே, "வயசாச்சுல்லப்பா, காதா இருக்கும்" என்றான். மருமகள் செவித்திறன் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறவள். அவளே பரிசோதித்தாள். மேல்சுருதியில் கொஞ்சம் குறைவு இருந்தது, எழுபத்திரண்டு வயதில் யாருக்கும் இருக்கிற அளவு. "இதனாலதான் இருக்கும் மாமா" என்றாள். காது மெஷினை மாட்டிவிட்டதும் அவள்தான்.

"அப்பா, நீங்க ஏன் குனிஞ்சு கஷ்டப்படுறீங்க? குடுங்க, நான் துடைக்கிறேன்." கணவன் ஓடிவந்து துணியை வாங்கிக்கொண்டான்.

இந்த ஒரு மாதமாகவே அவன் இப்படித்தான். அப்பாவுக்கு நாற்காலி இழுத்துப் போடுவதென்ன, வெந்நீர் கொண்டுவந்து வைப்பதென்ன! இவருக்கு இப்படி ஒரு மனசு வந்ததே என்று ஒவ்வொரு நாளும் படுக்கப்போகும் முன் கடவுளுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள் அவள்.

---

பதினொரு மணிக்கு மாமனாரைப் பரிசோதனை நிலையத்துக்கு அழைத்துப்போனாள். மெஷின் மாட்டி மாதம் ஒன்று ஆனால் ஒரு தடவை சரிபார்க்க வேண்டும்.

கருவியைக் கணினியில் இணைத்தவள் திரையைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினாள்.

"மாமா, இது எத்தனை மணி நேரம் ஓடியிருக்குன்னு தனக்குள்ளயே எழுதி வச்சுக்கும்."

"ஒட்டுக் கேட்கிற மெஷின்னு நீ சொல்லவே இல்லையேம்மா."

"முப்பது நாள்ல நாலு மணி நேரம்."

"அவ்வளவா ஓடிடுச்சு?"

"விளையாடாதீங்க மாமா. தினமும் காதுல மாட்டிக்கிட்டுதானே உட்கார்ந்திருந்தீங்க?"

"மாட்டிக்கிட்டுதான் இருந்தேன். முடுக்கலை."

அவள் நாற்காலியில் சாய்ந்தாள். மெஷின் ஓடவில்லை. ஆனாலும் அடுப்படியிலிருந்து அவள் முணுமுணுத்ததற்கெல்லாம் இவர் பதில் சொல்லியிருக்கிறார். நேற்றுக்கூட அடுத்த அறையில் அவள் கைப்பையின் ஜிப்பை மூடியதும், "கிளம்பிட்டியா?" என்று குரல் கொடுத்தார். இதையெல்லாம் ஒரு காது பரிசோதகி எப்படிக் கவனிக்காமல் போனாள்? வீட்டு ஆள் என்ற அலட்சியம்தான். வெளியாள் வந்திருந்தால் நூறு கேள்வி கேட்டிருப்பாள்.

அப்போது அவளுக்கு ஒன்று தோன்றியது. பரிசோதனை முறையில் இல்லாத காரியம். கண்ணாடி அறைக்குள் அவரை உட்கார வைத்து ஹெட்போனை மாட்டினாள். பீப் சத்தத்துக்குப் பதிலாகத் தன் போனிலிருந்து அந்தப் பாட்டைப் போட்டாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாமனார் கண்களை மூடிக்கொண்டார். வயலின் இழைந்து நின்றது. பாடகி இன்னும் வாய் திறக்கவில்லை. சத்தம் கேட்டால் விரலைத் தூக்குங்கள் என்று பரிசோதனைக்கு வருகிறவர்களிடம் சொல்வார்கள். யாரும் சொல்லாமலே அவருடைய ஆள்காட்டி விரல் மெல்ல உயர்ந்தது.

மூச்சு கேட்டுவிட்டது!

அவள் கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். "கேட்டுச்சா மாமா? கேட்டுச்சுல்ல? உங்க காதுக்கு ஒண்ணும் இல்ல மாமா! நான்தான் அவசரப்பட்டு உளறிட்டேன்!" குழந்தை மாதிரி கை தட்டினாள். கண்ணில் நீர் முட்டியது.

மாமனார் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தார். அச்சுக்குப் போகிற பக்கத்தைக் கடைசியாக ஒருமுறை வரிவரியாகப் படிக்கிறவரைப் போல, வெகுநேரம்.

"உனக்கு இவ்வளவு சந்தோஷமாம்மா?" என்றார்.

"பின்ன இருக்காதா?"

"சரி" என்றார்.

---

காதில் குறை இல்லையென்றால் குறை ஸ்பீக்கரில்தான். மாமனார் சற்றுப் படுத்திருந்த நேரம், அவள் டார்ச்சை எடுத்துக்கொண்டு பெட்டிகளுக்குப் பின்னால் மண்டியிட்டாள். ஏதாவது ஒயர் கழன்றிருக்கும், அதை மாட்டிவிட்டால் மாலைக்குள் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை.

ஒயர்கள் ஒழுங்காகவே இருந்தன.

ஒவ்வொரு பின்பலகையைச் சுற்றியும் எட்டுத் திருகாணிகள். தலையில் எட்டுச் சிவப்புச் சொட்டுகள். மாமியார் வைத்தவை என்று கல்யாணமான புதிதில் மாமனார் காட்டியிருக்கிறார். பளபளப்பு செத்துப்போய்ச் செங்கல் நிறத்தில் இருக்கும்.

டார்ச் வெளிச்சத்தில் அந்தச் சொட்டுகள் மினுங்கின.

சிவப்புக்குள் பொடிப்பொடியாகத் தங்க ஜிகினா. அவளுக்கு அதை நன்றாகத் தெரியும். தங்கை கல்யாணத்துக்கு வாங்கியது. போன மாதம் தேடித் தேடி அலுத்துப்போய்க் கணவனிடம் கேட்டபோது, "எங்கயாவது வச்சிருப்ப, பாரு" என்றான்.

அலமாரிக்குப் போனாள். மேல்தட்டில், அவனுடைய பழைய காலுறைகளுக்கு அடியில் அந்தப் பாட்டில் இருந்தது. மூடியைச் சுற்றிச் சிவப்பு வழிந்து இறுகியிருந்தது.

பெட்டியைத் திறந்தது யார் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அவளைக் கலங்கடித்தது வேறொன்று. முப்பத்தெட்டு வருஷம் பிழை பார்த்த கண்ணுக்கு இந்த நிறம் படாமலா இருந்திருக்கும்? இந்த வீட்டில் இந்த மினுக்கு ஒரே ஒருத்தியின் நகத்தில்தான் இருந்திருக்கிறது. காது போச்சு என்று சொன்னவளும் அவள்தான். இரண்டையும் கூட்டிப் பார்த்தால், மாமா என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பார்?

கணவன் அடுப்படியில் இருந்தான். விருந்தாளிகளுக்காக கிரீம் பிஸ்கட்டைத் தட்டில் அடுக்கிக்கொண்டு, இடையிடையே விரலை நக்கிக்கொண்டு, நக்கின விரலாலேயே அடுத்ததை எடுத்து வைத்துக்கொண்டிருந்தான்.

பாட்டிலைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அவன் அதைப் பார்த்தான். கதவுப் பக்கம் பார்த்தான். "மெதுவா பேசு" என்றான். அவள் இன்னும் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை.

"என்ன எடுத்தீங்க?"

"எங்க மேனேஜர் பழைய ஸ்பீக்கர் பைத்தியம்னு சொல்லியிருக்கேன்ல? அவர்கிட்ட இதே மாடல் பெட்டி இருக்கு, உள்ள சத்தம் போடுற காந்தக் கூம்பு ரெண்டும் செத்துப்போச்சு. வேற எங்கயும் கிடைக்காது. ஏரியா பொறுப்பு யாருக்குன்னு முடிவு பண்ற நேரம். ஒரு பழைய வீட்டுலேருந்து கிடைச்சதுன்னு கொண்டுபோய்க் குடுத்தேன். மனுஷன் என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டார் தெரியுமா?"

"இங்க என்ன வச்சீங்க?"

"பழைய சாமான் கடையில ஒரு ஜோடி. அளவு கச்சிதமா இருந்துச்சு. கூம்பு ஓரத்துல ஃபோம் வளையம் மட்டும் மக்கிப்போய்க் கொஞ்சம் உதிரும்..."

அவள் தன் விரலைப் பார்த்தாள். கறுப்புத் துணுக்குகள். ஒரு மாதமாக அவள் பெருக்கி அள்ளியது இவனுடைய திருட்டின் உதிரலை.

"பெட்டியை நான் தொடலையேம்மா. பெட்டி அப்பாகிட்டதானே இருக்கு? வெளியில ஒரு கீறல் உண்டா பாரு."

"சத்தம் மாறிடுச்சுன்னு அவர் முதல் நாளே சொன்னாரே."

"அதனாலதானே காதுன்னு சொன்னேன்!" தன் சமயோசிதத்தை மெச்சிக்கொள்கிறவன் போலச் சொன்னான். "நான் சொன்னா நம்ப மாட்டார். நீ காது பார்க்கிறவ. நீ சொன்னதும் நம்பிட்டார். எப்படியும் இன்னும் ரெண்டு மூணு வருஷத்துல போகப்போற காதுதானே?"

அவள் குழாயைத் திறந்து வாயைக் கொப்பளித்தாள். எட்டு வருஷம் ஒரே தட்டில் பங்கு போட்டுச் சாப்பிட்ட மனிதன். வெந்நீர் கொண்டுபோய் வைத்ததும் நாற்காலி இழுத்துப் போட்டதும் இதற்குத்தானா? அதற்கா தினமும் கடவுளுக்கு நன்றி சொன்னாள்?

"என் வாயால சொல்ல வச்சீங்க. என் பாட்டிலால மூடினீங்க."

"இன்னிக்கு ஒரு பொழுது பேசாம இரு. சாயங்காலம் பெட்டி கையை விட்டுப் போயிட்டா விஷயம் அதோட முடிஞ்சுது." சமாதானமாக ஒரு பிஸ்கட்டை எடுத்து அவள் வாயருகே நீட்டினான். "இந்தா."

அவள் தட்டை அப்படியே எடுத்துக் குப்பைக்கூடையில் கவிழ்த்தாள்.

"ஏய், நாலு பேருக்கு வச்சது!"

"நீங்க நக்கினதை இந்த வீட்டுக்கு வர்றவங்க யாரும் திங்க வேண்டாம்."

---

நான்கு மணிக்கு மூன்று பேர் வந்தார்கள். தையற்காரர், ஓய்வுபெற்ற ரயில் டிரைவர், மருந்துக்கடைக்காரர்.

தையற்காரருக்கு அந்த வட்டத்தில் கத்தரி என்று பெயர். அவர் தொழிலை வைத்துச் சொல்வதாக அவரிடம் சொல்வார்கள். உண்மையில் நாக்கை வைத்துச் சொல்வது.

அவர் உட்காரும் முன்பே பெட்டியை விரல் முட்டியால் தட்டினார். "இது பெட்டி! பிள்ளைத்தாச்சி வயிறு மாதிரி நிறைஞ்ச சத்தம். எங்க மச்சான் புதுசா ஒண்ணு வாங்கியிருக்கான். தட்டினா காலி டப்பா. பாட்டுப் போட்டா பாடுறவருக்கெல்லாம் சளி."

"உங்க வீட்டு ஜோடி மட்டும் என்னவாம்?" என்றார் டிரைவர். "போன மாசம் கேட்டேனே. மேல்சத்தம் காதைக் குத்துது. பல் பிடுங்கிட்டு வந்த மாதிரி இருந்துச்சு எனக்கு."

"உம்ம காது முப்பது வருஷம் ரயில் ஊதலைக் கேட்ட காது. மெல்லிசா எது வந்தாலும் உமக்குக் குத்தத்தான் செய்யும்."

"என்னுதைத் தூக்க ரெண்டு ஆள் வேணும் ஐயா. கீழ்ச்சத்தம் வந்தா நேரா வயித்துல நிக்கும்!" என்றார் டிரைவர் விடாமல்.

மருந்துக்கடைக்காரர் பெருமூச்சு விட்டார். "குடுத்து வச்சவங்க. என் பெட்டி பலகையே இல்ல, அழுத்தின மரத்தூள். ஒரு மழைக்கு ஊறி ரஸ்க் மாதிரி உப்பிடுச்சு. ஆனா சத்தத்துல மட்டும் ஒரு குறை சொல்ல முடியாது."

"ரஸ்க்கை என்னிக்காவது டீயில நனைச்சுடப் போறீங்க" என்றார் கத்தரி.

எல்லாரும் சிரித்தார்கள். மாமனாரும் சிரித்தார். எழுந்து பாட்டைப் போட்டார்.

மருமகள் கதவோரம் நின்று கேட்டாள். கண்ணாடி அறையில் இழைந்த அதே வயலின், கம்பளியை வாயில் அடைத்துக்கொண்டு முனகியது. கீழ்ச்சத்தம் ஈரச்சாக்கைத் தடியால் அடிப்பது போல வந்தது. பாடகியின் மூச்சு இல்லை. மூச்சில்லாமலே பாட ஆரம்பித்தாள்.

பாட்டு முடிந்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"சொல்லுங்க" என்றார் மாமனார். "நம்ம விதி தெரியும்ல?"

டிரைவர் தொண்டையைச் செருமினார். "மன்னிக்கணும் சார். அழுக்குத் துணி ஊற வச்ச தண்ணி மாதிரி இருக்கு."

"பெட்டிக்கு நூத்துக்கு நூறு" என்றார் மருந்துக்கடைக்காரர். "சத்தம்... எனக்குக் குமட்டுது சார். இது உங்க ஜோடியே இல்ல."

"பழசுல்லீங்களா?" என்று கணவன் முந்திக்கொண்டான். "எல்லாத்துக்கும் வயசுன்னு ஒண்ணு இருக்கே. யாருக்கு வேணும்னு சொல்லுங்க, நானே வண்டி பிடிச்சு ஏத்தி விடுறேன்."

அவன் முகத்தில் தேனாக வழிந்த சிரிப்பைப் பார்க்கச் சகிக்காமல் அவள் தரையைப் பார்த்தாள்.

தரையில் கத்தரியின் கை இருந்தது. பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு கறுப்புத் துணுக்கை எடுத்து விரல்களுக்கிடையே உருட்டினார். முகர்ந்தார். அவர் முகம் கோணியது. துணிகளோடே வாழ்ந்தவர். இந்த மாடலுக்குள் இருப்பது மக்காத துணி வளையம் என்பது அவருக்குத் தெரியாதா என்ன? எழுந்து பெட்டிக்குப் பின்னால் போய் ஒரு நிமிஷம் குனிந்து நின்றார். திரும்பி வந்தபோது மகனைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். அவள் கண்களில் என்ன கண்டாரோ தெரியாது.

"கத்தரி, உன் அபிப்பிராயம்?" என்றார் மாமனார்.

கூடமே காத்திருந்தது. இருபது வருஷத்தில் அந்த நாக்கு யாரையும் விட்டுவைத்ததில்லை.

கத்தரி அந்தத் துணுக்கைக் கைக்குட்டையில் மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். "எனக்கு இன்னிக்குச் சளி சார்" என்றார். "அபிப்பிராயம் சொல்ற நிலைமையில இல்ல. குடுக்கிற விஷயத்தையும் கொஞ்சம் தள்ளிப் போடுங்க."

அவருக்குச் சளியும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒரு குடும்பத்தின் மானத்துக்காக ஒரு மனிதர் தன் வாழ்நாள் விதியைச் சட்டைப்பைக்குள் மடித்து வைத்துக்கொண்டார். கடவுள் இப்படித்தான் ஆள் அனுப்புகிறார் என்று அவளுக்குத் தோன்றியது. அந்தச் சின்ன இரக்கம் அவளுடைய முதுகை நிமிர்த்தியது.

"தள்ளிப் போட என்ன இருக்கு?" என்றார் மாமனார். "காது போனவன்கிட்ட..."

"மாமாவுக்குக் காது போகலை."

எல்லாரும் திரும்பினார்கள். கணவன் கண்ணாலேயே அவளைக் கெஞ்சினான்.

"காது போச்சுன்னு சொன்னது நான்தான். சரியாப் பார்க்காம சொல்லிட்டேன். இன்னிக்குக் காலையில மறுபடி பார்த்தேன். இங்க இருக்கிற யாருக்கும் கேட்காத மூச்சு அவருக்குக் கேட்குது. எல்லாரும் என்னை மன்னிக்கணும். அவர் உங்க வட்டத்தை விட்டுப் போகப் போறதில்ல, பெட்டியும் போகப் போறதில்ல."

டிரைவர் தொடையில் தட்டினார். "அப்பவே நினைச்சேன்! இவருக்கா காது போகும்?"

"அப்படின்னா அடுத்த சனிக்கிழமைக்கும் வாங்க சார்" என்று மருந்துக்கடைக்காரர் போனை எடுத்தார். "புதுசா ஒருத்தர் சேர்ந்திருக்கார், ஏதோ கம்பெனியில மேனேஜராம். அவர் வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கார். இதே மாடல் ஜோடி. உள்ள எல்லாம் அசல், துணி வளையம், அதிர்ஷ்டவசமா கிடைச்சதுன்னு எழுதியிருக்கார்."

கணவன் கையிலிருந்த டீ, சட்டையில் சிந்தியது.

"வர்றேன்னு எழுதுங்க" என்றார் மாமனார்.

---

ஆறு மணிக்கு அவர்கள் போனார்கள். ஜன்னலில் வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது.

அவள் பாட்டிலைக் கொண்டுவந்து மாமனார் முன்னால் வைத்தாள். "மாமா, இது என்னோடது. ஆனா நான்..."

"தெரியும்மா."

"எப்ப பார்த்தீங்க?"

"மூச்சு கேட்காமப் போன மறுநாளே. உன் அத்தை வச்ச சிவப்பு எனக்குத் தெரியாதா?" அவர் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மகன் திறந்தான், மருமக பூசி மூடினா, அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து என் காதுல மெஷினை மாட்டினீங்க. ஒரு மாசமா அப்படித்தான் நினைச்சுக்கிட்டிருந்தேன். நீ ஊத்திக் குடுத்த டீ ஒவ்வொண்ணும் கசந்துதும்மா. நாலு பேர் எதிர்ல சத்தம் சந்தி சிரிக்கட்டும், அப்பவாவது உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் வாயைத் திறக்கிறீங்களான்னு பார்க்கத்தான் அவங்களைக் கூப்பிட்டேன்."

அவள் முகத்தை மூடிக்கொண்டாள். ஒரு மாதம்! தினமும் அவர் முன்னால் சிரித்துக்கொண்டு நடமாடியிருக்கிறாள்.

"இன்னிக்குக் காலையில நீ கை தட்டினியே, அப்பதான் உனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு தெரிஞ்சுது." அவர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினார். "உன்னைத் தப்பா நினைச்சதுக்கு நீதான் என்னை மன்னிக்கணும்."

கணவன் சுவரோடு ஒட்டி நின்றிருந்தான். "அப்பா, நான் சொல்லணும்னுதான்..."

"அந்த மேனேஜர் யாருன்னு உன் சட்டையில டீ சிந்தினப்பவே தெரிஞ்சுடுச்சு. கேட்டிருந்தா நானே கழட்டிக் குடுத்திருப்பேன்டா." மாமனார் மேஜை இழுப்பறையிலிருந்து திருப்புளியை எடுத்து நீட்டினார். "நீ மூடினதை நீயே திற."

அவன் மண்டியிட்டான். முதல் திருகாணியில் சிவப்பு நொறுங்கித் தரையில் சிதறியது. கறுப்புத் துணுக்குகளோடு போய்க் கலந்தது. அவள் கால் பழக்கத்தில் துடைப்பத்தின் பக்கம் போயிற்று. நின்றுவிட்டாள். பெருக்க வேண்டியது அவளல்ல.

"அன்னிக்குப் பலகையை மூடுறதுக்கு முன்னாடி உங்க அம்மா என்னை அந்தப் பக்கம் திரும்பச் சொன்னா" என்றார் மாமனார், ஜன்னலைப் பார்த்தபடி. "அந்தப் பாலிஷ் பிரஷ்ஷாலயே உள்ள காந்தத்தோட முதுகுல என்னமோ எழுதினா. என்னன்னு கேட்டேன். திறந்தாதான் தெரியும், திறக்கவும் கூடாதுன்னு சிரிச்சா. முப்பத்தோரு வருஷம் நான் திறக்கலை."

நான்காவது திருகாணியில் திருப்புளி நின்றது.

"படிச்சியா?"

அவன் தலை நிமிரவில்லை. பிடரி மட்டும் மெதுவாக ஆடியது. ஆமாம்.

"படிச்ச பிறகுமா கழட்டிக் குடுத்த?"

கூடத்தில் சத்தமே இல்லை. அவளுக்கே கேட்டது, அவன் மூச்சை இழுத்து வாயைத் திறப்பது.

"அப்பா, அம்மா அதுல..."

"சொல்லாதே." மாமனார் கையை உயர்த்தினார். "உன் வாயால எனக்கு அது வேண்டாம். அடுத்த சனிக்கிழமை உன் மேனேஜர் வீட்டுல, அந்தப் பெட்டியைத் திறந்து நானே படிச்சுக்கிறேன். நீயும் பக்கத்துல நிக்கணும்."